கிளைக்கு வந்துவிட்ட ஆந்தைக் குஞ்சுகள்: இரை ஊட்டுவதைப் படமெடுப்பது எப்படி?

கிளைநிழல்:
புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் மூன்று, பொந்தை விட்டுக் கிளைக்கு வந்துவிட்டன; இன்னும் பறக்கவில்லை. பெற்றோர் இரை கொண்டுவருவது அந்தி மங்கிய பிறகுதான். லென்ஸ் 500 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸின் ஒளித்துளை அளவு). ஷட்டர் வேகம் 1/1000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளிகள் விழும்) 12800-ஐத் தாண்டுகிறது. ஃபிளாஷ் போடலாமா? எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

நெடுங்குழல்:
ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டில் கண்பாவை முழுக்க விரிந்திருக்கும். பறவை மிரளும், படத்திலும் கண் வெறும் ஒளிவட்டமாகப் பதியும். ஃபோகஸுக்கு உதவ கேமராவில் எரியும் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

1/1000 தேவையில்லை. இரை அலகு மாறும் நொடிக்கு 1/400 போதும். உண்மையில் நல்ல படம் அதற்கப்புறம்தான் கிடைக்கும்: குஞ்சு எலியைத் தலைப்பக்கமாக விழுங்கும், வால் மட்டும் அலகுக்கு வெளியே தொங்கும். அப்போது டிரைபாட் இருந்தால் 1/125-க்கு இறக்கலாம். பின்னால் வானம் இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள், இல்லாவிட்டால் உருவம் கரியாகிவிடும். ரா-வில் (கேமராவின் பதப்படுத்தாத மூலக்கோப்பில்) எடுங்கள்.

இலைமறை:
தாய் வருவது காதில் விழாது, சிறகில் சத்தமே இருக்காது. குஞ்சைக் கவனியுங்கள். தலையை ஆட்டி, இறக்கையை நடுக்கி, கத்தல் திடீரென்று வேகமெடுத்தால் தாய் பக்கத்தில் வந்துவிட்டது. பர்ஸ்ட்டை (தொடர் படமெடுப்பை) அப்போதே தொடங்குங்கள். ஃபோகஸைக் குஞ்சின் கண்ணில் முன்பே பூட்டிவையுங்கள். தானாகத் தேட விட்டால் முன்னாலிருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும்.

பாதிப் படங்களில் கண் மூடியிருக்கும். ஆந்தைக்குக் கிட்டப் பொருள் தெளிவாகத் தெரியாது. அலகைச் சுற்றியுள்ள மெல்லிய தூவிகளால் தொட்டுணர்ந்துதான் இரையை வாங்கும், அந்த நேரத்தில் இமையை மூடிக்கொள்ளும். அதனால் ஒரே ஒரு படத்தை நம்பாதீர்கள்.

கிளைநிழல்:
நன்றி. தூரம் பற்றி?

வேர்ப்பலா:
இத்தனை மீட்டர் என்று கணக்கு சொல்ல முடியாது, பறவைதான் சொல்லும். தாய் இரையைக் கவ்வியபடி பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்து உங்களைப் பார்க்கிறதா? நீங்கள் நிற்கும் இடம் தவறு. குஞ்சு உடலை ஒடுக்கி, கண்ணைக் கீற்றாக்கி விறைத்து நின்றாலும், அலகைச் சொடுக்கினாலும் அதே பொருள்தான். மெதுவாகப் பின்வாங்குங்கள், அதன் பிறகும் ஊட்டல் தொடங்காவிட்டால் அன்றைக்குக் கிளம்பிவிடுங்கள், பசியோடு காத்திருப்பது குஞ்சு. மறைக்கிற சுள்ளியை ஒடிக்காதீர்கள்: நிழலும் காகத்தின் கண்ணிலிருந்து மறைவும் அதுதான். பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதும், எலியைக் கட்டிவைத்து வரவழைப்பதும் கூடாது.

குஞ்சு தரையில் இருந்தாலும் உடனே தூக்காதீர்கள். காயமில்லாவிட்டால் நகத்தாலும் அலகாலும் பற்றி, சிறகடித்து மரமேறிவிடும். படத்தைப் பகிரும் முன் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் தகவலை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.