ஃப்ளோட் வகைக்கு ‘நகர்புள்ளி எண்’

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தமிழ்வழி மாணவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித்தரும்போது முதலில் வருபவை நான்கு தரவு வகைகள். இன்ட் (int) முழு எண், எஸ்டிஆர் (str) எழுத்துகளைக் கோத்த சரம்; இவற்றில் தகராறு இல்லை. சரி, தவறு என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட பூலியன், கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் பெயரால் வந்தது, அப்படியே இருக்கட்டும். 0.5 போலப் புள்ளி வைத்த எண்களுக்கான ஃப்ளோட்டுக்குத்தான் (float) நல்ல சொல் வேண்டும்.

‘தசம எண்’ என்று சொல்லித்தருவதை விட்டுவிட வேண்டும். 0.1 கிலோ புளியையும் 0.2 கிலோ புளியையும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது, 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. தசம எண் என்று படித்த மாணவர் கணினி பிழை செய்வதாகவே நினைப்பார். உள்ளே இருப்பது தசமம் அல்ல, 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் ஆன இரும எண். அதில் 2, 4, 8, 16 என்ற 2-இன் அடுக்குகளைக் கீழெண்ணாகக் கொண்ட பின்னங்களே பிசகின்றி அமரும். அரை, கால், முக்கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16) எல்லாம் சரியாகப் பதியும். பத்தில் ஒன்று பதியாது. இருபதில் ஒன்றான ‘மா’வும் பதியாது. இந்தப் பழைய பின்னங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே பாதி குழப்பம் தீரும். மேலும், பைத்தானில் டெசிமல் என்று தனி வகை இருக்கிறது. தசம எண் என்ற பெயர் அதற்கே உரியது.

‘மிதவை எண்’ பலர் ஆள்வதுதான். ஆனால் மிதவை என்பது நீரில் மிதக்கும் பொருள். புள்ளி என்ன செய்கிறது என்பதை அது சொல்லவில்லை. 1234.5 என்பதை 1.2345 × 10³ என்று எழுதும்போது புள்ளி இடம் மாறுகிறது, எத்தனை இடம் என்பதை அடுக்கு சொல்கிறது. கணினியில் 10-க்குப் பதில் 2. மொத்தம் 64 பிட் (இரும இலக்கம்): கூட்டல், கழித்தல் குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னப் பகுதிக்கு 52. ஆகவே நகர்புள்ளி எண். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘நகர்ப்புள்ளி’ என்று எழுதினால் நகர்ப்புறம் போல ஊரைச் சேர்ந்த புள்ளியாகிவிடும். அச்சில் இதைக் கவனிக்க வேண்டும். புள்ளி அசையாத வகைக்கு ‘நிலைப்புள்ளி எண்’ என்பது எதிர்ச்சொல்லாகப் பொருந்தும்.

பெயரோடு பழக்கமும் வேண்டும். மண்டிக் கணக்கில் எடையைக் கிராமாகவும் பணத்தைக் காசாகவும் முழு எண்ணில் வைக்கச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியின் தொலைபேசிக் குறியீடு 04343 எண் போலத் தெரிந்தாலும் சரம்தான். மேற்கோள் குறியின்றி எழுதினால் பைத்தான் 3 இலக்கணப் பிழை காட்டும். சரத்தை முழு எண்ணாக மாற்றினால் முன்னுள்ள சுழி போய் 4343 ஆகும். பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் (input) வழியாக வருவதும் எப்போதும் சரமே: 25, 10 என்று உள்ளிட்டுக் கூட்டினால் 2510 வரும், முழு எண்ணாக மாற்றிய பிறகே 35. சரத்தின் நீளத்தையும் ‘எழுத்து எண்ணிக்கை’ என்று சொல்லக் கூடாது. தருமபுரி நமக்கு ஐந்தெழுத்து. உகரக் குறி, இகரக் குறிகளைத் தனித்தனியே எண்ணுவதால் பைத்தானுக்கு 8.

பிறகு சி, ஜாவா ஆகிய நிரல்மொழிகளைப் படிப்பவர்களுக்கு இதே சொல்லை நீட்டலாம்: 32 பிட் ஃப்ளோட் ‘ஒற்றைத் துல்லிய நகர்புள்ளி’, 64 பிட் டபுள் ‘இரட்டைத் துல்லிய நகர்புள்ளி’. வழக்கமான பைத்தானில் ஃப்ளோட் என்பதே இரட்டைத் துல்லியம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.