புதுப்பிப்பு: மெனனைட் – குவேக்கர் கல்யாணம் ஒருவழியாகப் படிந்தது

நான் மெனனைட், நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் குவேக்கர்; இரண்டும் கிறிஸ்தவப் பிரிவுகள். பாட்டில்லாமல் என் வீட்டாருக்குக் கல்யாணமே இல்லை. அவர் வீட்டாருக்கோ மௌனமாக உட்கார்ந்திருப்பதுதான் வழிபாடு. என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் போதகர் இல்லாமலே மணம் முடிக்கும் உரிமம் உண்டு; இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். அதற்கே விண்ணப்பித்தோம். 3 நாள் காத்திருக்க வேண்டும். உரிமம் கைக்கு வந்தபின் 60 நாள் வரை செல்லுபடியாகும். உறுதிமொழியை நாங்களே எழுந்து நின்று சொல்வோம். போதகரான என் மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மௌனத்தின் நடுவே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்றதும் சரி என்றார். (சுருக்கமாகப் பேசுவாரா என்பது வேறு விஷயம்.)

பாட்டு மௌனத்துக்கு முன்னும் பின்னும், வாத்தியமில்லாமல் நான்கு குரலில். அப்புறம் குவேக்கர் வழக்கப்படி கல்யாணச் சான்றிதழில் வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திடுவார்கள், குழந்தைகள் உட்பட. 140 பேர். பேனா நிறைய வாங்க வேண்டும்.