புதுப்பிப்பு: 7 வயதில் பூப்பு அறிகுறி, ஹார்மோன் ஊசி, உயரம்

மகளுக்கு 7 வயதிலேயே மார்பு வளர்ச்சி தெரிந்தது. ஹார்மோன் ஊசி போட்டால் குள்ளமாகிவிடுவாளோ என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

"முதலில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுங்கள்" என்ற தண்டையார்பேட்டை அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. எலும்பு வயது (எலும்புகள் எந்த வயதுக்குரிய முதிர்ச்சியில் இருக்கின்றன என்ற கணக்கு) 10 என்று வந்தது. ரத்தப் பரிசோதனை, மூளை எம்ஆர்ஐ முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லியூப்ரோலைட் ஊசி (பூப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஹார்மோன் மருந்து). குள்ளமாக்குவது ஊசி அல்ல. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடிக்கொள்வதுதான். ஊசி அதைத் தள்ளிப்போடுகிறது. 6 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகமாம்.

எதிர்பாராதது: முதல் ஊசிக்குப் பின் லேசான உதிரப்போக்கு. அடுத்து, வளரும் வேகமே குறைந்தது. ராயபுரம் வீட்டுக் கதவில் பென்சில் கோடுகள் நெருங்கி நிற்க, மாமியார் என்னை முறைத்தார்! அதுவும் வழக்கமானதே என்றார் மருத்துவர். இப்போது 9 வயது. எலும்பு வயது இன்னும் 11-ஐத் தொடவில்லை.