போஸ்ட்-இட் தாள்: தற்செயலா, தேடலா?

அன்புச்செழியன்:
புதுப் பொருளைத் திட்டம் போட்டு உருவாக்க முடியாது, அது தானாக வந்து அமைய வேண்டும் என்பது என் கட்சி. ஒட்டி உரிக்கும் சின்னக் குறிப்புத் தாள், அந்த போஸ்ட்-இட் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் தேடியது வலுவான பசை. கிடைத்ததோ தொட்டால் உரிந்து வரும் பசை. இதில் திட்டம் எங்கே?

தேன்மொழி:
பசை கிடைத்தது 1968. தாள் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980. நடுவில் இருக்கும் பன்னிரண்டு வருடத்தை விட்டுவிட்டீர்களே! அந்தப் பசை முழுக்க நுண்ணிய உருண்டைகள். தட்டில் கடுகைப் பரப்பி மேலே அட்டையை வைத்தால் அங்கங்கே மட்டும்தானே தொடும்? தாளையும் அது அப்படித்தான் தொடுகிறது. அதனால் ஒட்டவும் செய்கிறது, கிழியாமல் உரிந்தும் வருகிறது. வேறு ஒருவர் என்றால் கொட்டிவிட்டுப் போயிருப்பார். சில்வர் வருடக்கணக்கில் இதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

அன்புச்செழியன்:
சரி, பேசினார். பலன்? 1974-ல் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை தேவாலயத்தில் பாடும்போது பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அப்போதுதான் அந்தப் பசை அவர் நினைவுக்கு வந்தது. அவர் பாடப் போகாதவராக இருந்தால்? மஞ்சள் நிறம்கூட பக்கத்து ஆய்வகத்தில் மஞ்சள் தாள் கிடந்ததால் வந்ததுதான்.

பட்டறைக்காரன்:
இடையில் புகுகிறேன். ஃப்ரை அதற்கு முன்பே சில்வரின் உரையைப் போய்க் கேட்டிருந்தார். போனதால்தான் நினைவுக்கு வந்தது. த்ரீஎம்மில் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிட அனுமதி உண்டு. அப்படி இடம் கொடுத்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

எங்கள் பம்ப் பட்டறைக்குப் போன மாதம் சரியாக வேகாத ரப்பர் வாஷர் ஒரு கூடை வந்தது. கையில் எடுத்தால் கொழகொழவென்று இருக்கும். குப்பைக்குப் போக இருந்ததில் ஒன்றை, பயிற்சிக்கு வந்த பையன் எடுத்து கிரைண்டிங் மெஷின் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தான். அதிர்வு பாதியாகக் குறைந்தது. இப்போது நான்கு காலுக்கும் அதுதான். அதே கூடையை நானும் இரண்டு நாள் தாண்டித் தாண்டிப் போனேன், எனக்குத் தோன்றவில்லை.

அன்புச்செழியன்:
அருமையான பையன். ஆனால் அண்ணே, வாஷர் நன்றாக வெந்து வந்திருந்தால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

தேன்மொழி:
ஒன்று மட்டும் கேட்கிறேன். 1977-ல் த்ரீஎம்காரர்கள் அந்தத் தாளை நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. அத்தோடு மூடவில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவின் பாய்சி நகரத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். இதில் தற்செயல் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டுங்கள்.