கமாண்டோ ஆபரேஷனை நேரில் பார்த்தவர்கள் பகிரலாமே

கொலாபாக்காரன்:
2008 நவம்பர்ல மும்பை கொலாபாவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். தீவிரவாதிகள் புகுந்து உள்ளே இருந்தவங்களைப் பிணையா பிடிச்சு வெச்ச யூத மையம் நரிமன் ஹவுஸுக்கு ரெண்டு தெரு தள்ளி. 26ஆம் தேதி ராத்திரி, கட்டாக்கில் இந்தியா இங்கிலாந்தை ஜெயிச்ச நேரம். சத்தம் கேட்டதும் பட்டாசுன்னுதான் நினைச்சோம்.

முதல்ல வந்தது உள்ளூர் போலீஸ். பழைய துப்பாக்கியும் லத்தியும் வெச்சுக்கிட்டு சந்து முனையை மறிச்சு நின்னாங்க. என்.எஸ்.ஜி. (தேசிய பாதுகாப்புப் படை) கமாண்டோக்கள் ஹரியானா மானேசர்ல இருந்து டெல்லி வந்து, அங்கிருந்து விமானம் பிடிச்சு மறுநாள் காலையிலதான் மும்பை சேர்ந்தாங்க. ஊருக்குள்ள பெஸ்ட் பஸ்ல, அதாவது மும்பை டவுன் பஸ்ல, கூட்டிட்டு வந்தாங்க. அதுவரை தாக்குப் பிடிச்சது அந்த லத்திக்காரங்கதான், என் கணக்குல அவங்களுக்குத்தான் முதல் மரியாதை.

28 காலையில ஹெலிகாப்டர் வந்து கமாண்டோக்கள் கயிறு பிடிச்சு நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில இறங்கினாங்க. காத்துல அக்கம்பக்கத்து மாடிகள்ல காயப்போட்ட துணியெல்லாம் பறக்குது. அந்த மாடிகள்லேயே ஜனம் நின்னு வேடிக்கை பார்க்குது, டிவியில நேரலை ஓடுது. பாகிஸ்தான்ல இருந்து போன்ல உத்தரவு கொடுத்தவங்களும் அதே டிவியைத்தான் பார்த்துட்டிருந்தாங்க. உயிரோட பிடிபட்ட தீவிரவாதி கசாப்போட வழக்குத் தீர்ப்புல, 2012ல, சுப்ரீம் கோர்ட் இந்த நேரலையைக் கடுமையா கண்டிச்சுது. பிணைக்கைதிகளைக் காப்பாத்த முடியல. ஹவில்தார் கஜேந்தர் சிங் அங்கேதான் உயிரை விட்டார்.

கடலோரத்தான்:
அதுக்கப்புறம்தான் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்ல என்.எஸ்.ஜி. மையம் வந்துச்சு. எங்க நாகை பக்கம் 'சாகர் கவச்'ங்கிற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். போலீஸ்காரங்களே தீவிரவாதி வேஷத்துல டம்மி குண்டோட படகுல வருவாங்க. எங்க ஆளுங்க, படகு ஓட்டுற லட்சணத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாங்க!

ஏட்டு (ஓய்வு):
கதவை உடைச்சு உள்ளே போறதைத்தான் எல்லாரும் கேக்கறீங்க. நான் பார்த்ததுல பாதி நேரம் அதுக்கு வேலையே வராது. ஒரு கிராமத்துல ஒருத்தன் அரிவாளோட மனைவி, பிள்ளைங்களை உள்ளே வெச்சுப் பூட்டிக்கிட்டான். உள்வட்டத்துல அதிரடிப்படை, வெளிவட்டத்துல எங்களை மாதிரி ஸ்டேஷன் ஆட்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் ஓரமா குத்தவெச்சு விடிய விடிய பேசினார். டீ கேட்டான், கொடுத்தோம். மாமனார் வந்தாத்தான் பேசுவேன்னான். வரவழைச்சா நிலைமை கெட்டுடும்னு அவரைப் பக்கத்துத் தெருவுலேயே உட்கார வெச்சுட்டோம். கவசம் மாட்டின பசங்க சுவரை ஒட்டி அசையாம நின்னாங்க, இருமல் வந்தாக்கூட அடக்கிக்கிட்டு. விடிஞ்சதும் அவனே தாழ்ப்பாளைத் திறந்தான்.

எங்களுக்கு அதிகம் வேலை வெச்சது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான். செல்போனோட வேப்பமரத்துல ஏறினவங்களை இறக்கவே தனியா ஆள் போட வேண்டியிருந்துச்சு.