முடித்து வைத்த 2018 கணக்கைத் திரும்பத் திறந்த கதை

2018 ஜனவரிக் குளிரில் அமெரிக்காவில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் படுத்துவிட்டது. அவசரமாகப் புதிது மாற்றினோம், கையோடு கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் குளிர் தடுக்கும் இன்சுலேஷனும் போட்டோம். வீட்டு எரிசக்திச் செலவுக்காக வருமான வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் 2017 முடிவோடு காலாவதியாகிவிட்டதால், 2019 ஏப்ரலில் 2018-க்கான வரி ரிட்டர்ன் போட்டபோது அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் 2019 டிசம்பர் 20-ல் கையெழுத்தான சட்டம் அதை 2018-க்கும் சேர்த்து உயிர்ப்பித்துவிட்டது. நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், இல்லாவிட்டால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. அப்புறம் டார்ச் அடித்து ஃபர்னஸ் ஸ்டிக்கரைப் பார்த்தேன், ஏஎஃப்யூஇ, அதாவது எரிபொருளில் எத்தனை சதவீதம் வெப்பமாகிறது என்ற அளவு, 96. கேஸ் ஃபர்னஸுக்கு அப்போது 95 இருந்தால் போதும், 150 டாலர் கிடைத்தது.

தலைவலி கொடுத்தது இன்சுலேஷன்தான். அப்போது பொருள் விலையில்தான் 10 சதவீதம் கிடைத்தது, கூலி சேராது. என் பில்லிலோ இரண்டும் ஒரே தொகை. இன்சுலேஷன் போட்ட ஆளை மூன்று தடவை கூப்பிட்டுப் பிரித்து எழுதி வாங்கினேன்: பொருள் 1,140. ஆக 114. மொத்தம் 264 டாலர். இந்தக் கிரெடிட்டுக்கு 2005-க்குப் பிறகு எல்லா வருஷமும் சேர்த்து 500 டாலர்தான் அப்போது உச்சவரம்பு. பழைய வீட்டு ஜன்னலுக்கு 2011-ல் 120 வாங்கியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, பழைய ரிட்டர்னைத் தேடிக் கூட்டிப் பார்த்தேன், நல்லவேளை உள்ளே அடங்கியது.

போட்ட ரிட்டர்னைத் திருத்தும் 1040-எக்ஸ் ஃபாரம் பார்க்கத்தான் பயமுறுத்தும். முதலில் போட்ட எண், மாற்றம், சரியான எண் என்று மூன்று நெடுவரிசை, பின்னால் ஏன் மாற்றுகிறீர்கள் என்று எழுத இடம். நான் இரண்டே வரி எழுதி, இந்தக் கிரெடிட்டுக்கான 5695 ஃபாரத்தை இணைத்தேன். ரசீதை அனுப்பத் தேவையில்லை, கேட்டால் காட்டப் பத்திரமாக வைத்திருந்தால் சரி. 2018 கணக்கைத் திருத்த ஆன்லைன் வழி கிடையாது, காகிதம்தான். கூட்டு ரிட்டர்ன் என்பதால் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். நான் கவரை ஒட்டிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து கிழித்துத் திறந்தேன்.

2020 பிப்ரவரியில் தபாலில் போட்டேன். அடுத்த மாதமே ஊரே அடைபட்டது, பிறகு எந்தத் தபால் யார் கைக்குப் போகும்? சரி, போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். அக்டோபரில் காசோலை வந்தது, 264-உம் மேலே 19 டாலர் சொச்சம் வட்டியும். வட்டி 10 டாலரைத் தாண்டியதால் பின்னாலேயே வட்டி வருமானத்தைக் காட்டும் 1099-ஐஎன்டி படிவம் வேறு. அதை 2020 ரிட்டர்னில் வருமானமாகக் காட்டி அதற்கும் வரி கட்டினேன்.