புதுப்பிப்பு: கடைசியில் 1.4 மடங்கு கன்வெர்ட்டர்தான்
என் 70-300 மி.மீ. கேமரா லென்ஸின் எட்டத்தைக் கூட்ட (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்க), முன்னால் திருகும் மலிவுக் கண்ணாடியா, லென்ஸுக்குப் பின்னால், கேமராவுக்கு முன்னால் மாட்டும் டெலிகன்வெர்ட்டரா என்று கேட்டிருந்தேனே.

முன்னால் திருகும் கண்ணாடியை இரவல் வாங்கி, கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பின் கஜலட்சுமி சுதையை எடுத்துப் பார்த்தேன். நடுவில் பரவாயில்லை, ஓரத்து யானைத் தும்பிக்கையைச் சுற்றி ஊதா விளிம்பு. சரிப்படாது.

அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு 1.4 மடங்கு கன்வெர்ட்டர் கிடைத்தது. 300 மி.மீ. இப்போது 420 மி.மீ. ஆனால் ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி வெளிச்சம் போய், லென்ஸ் துளையின் அளவு எண் எஃப் 5.6 எஃப் 8 ஆகிவிடுகிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் காலை வெயிலில் நத்தைகுத்தி நாரையின் அலகு இடைவெளிகூடத் தெளிவாக விழுந்தது. சாயங்காலம் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது, ஃபோகஸ் வளையத்தைக் கையால்தான் திருகினேன்.

2 மடங்கு வாங்கச் சொன்னவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது இரண்டு ஸ்டாப் தின்னும், எஃப் 11. வாங்குமுன் லென்ஸின் பின்கண்ணாடி கன்வெர்ட்டரில் இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.